கொடைரோடு பாசஞ்சரில் ஒரு ஆங்கிலப் பாடம்

திண்டுக்கல் தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கொடைரோட்டில் குடியிருந்துகொண்டு, திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குத் தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். எங்களுக்கு வடக்கே இருந்து புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. எனக்கோ ஆங்கிலத்தில் கோப்பு எழுத வரும், வாயைத் திறந்தால்தான் ஒன்றும் வராது. அவர் அறையில் மணி அடித்தாலே, பக்கத்து மேஜைக்காரரை உள்ளே அனுப்பிவிட்டு நான் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன்.

அதே ரயிலில் வந்த கணக்கு வாத்தியார் ஒருவர்தான் வழி சொன்னார். அன்றாட விஷயங்களைப் பாடம் பாடமாகப் போட்டு, இடையிடையே இலக்கணமும் சேர்த்த ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் அவரிடம் இருந்தது. கடைத்தெரு, தபால் நிலையம், விருந்தாளி வருகை, இப்படி. தினம் ஒரு பாடத்தை உரக்க வாசிப்பது, பிறகு ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு அதையே பேசிப் பார்ப்பது. நாங்கள் மொத்தம் நாலு பேர். நான், வாத்தியார், தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், அம்பாத்துரையில் ஏறுகிற சின்னாளபட்டிச் சேலை வியாபாரி. சேலைக்காரர் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் வெளிமாநில வியாபாரிகளிடம் இடையில் ஆள் இல்லாமல் தானே பேசி விற்கவேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. வண்டிக்குள் தமிழ் பேசினால் எழுந்து நிற்க வேண்டும், திண்டுக்கல் வரும்வரை. சேலைக்காரர் பெரும்பாலும் நின்றபடிதான் வருவார். "உக்காந்து வர ஆசையாத்தான் இருக்கு. இந்த வாயி விட்டாத்தானே!" என்று அதையும் தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்துகொள்வார். நான் ஒரு நாளும் நின்றதில்லை. அதோடு, யார் எத்தனை தப்பு விட்டார்கள் என்று விரல்கணுவில் எண்ணிக்கொண்டே வந்து, இறங்கும்போது அறிவிப்பேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. கேட்டவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். சேலைக்காரர் ஒரு வாக்கியம் பேசிவிட்டு, பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பது போல என் விரலைத்தான் பார்ப்பார்.

அன்று காலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டிலிருந்தே ஓட்டமும் நடையுமாக வந்து ஏறினேன். உட்கார்ந்ததும் மார்பு நடுவில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்பாத்துரை வந்தது. சேலைக்காரர் மூட்டையோடு ஏறினார். அன்று அவருக்கு முக்கியமான நாள். பம்பாயிலிருந்து ஒரு பெரிய வியாபாரி திண்டுக்கல் வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தாராம். 'இது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலை, சாயம் போகாது' என்று ஒரு மாதமாக மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

அன்றைய பாடம், டாக்டரும் நோயாளியும். வாத்தியார்தான் டாக்டர். நோயாளி யார் என்று அவர் கேட்டபோது வலி இடது தோளுக்கு ஏறியிருந்தது. தமிழில் சொன்னால் எழுந்து நிற்கச் சொல்வார்கள். நிற்கிற தெம்பு எனக்கு இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் போயிற்று.

"ஐ ஹாவ் எ பெயின் இன் மை செஸ்ட்" என்றேன்.

"வெரி குட்!" என்றார் வாத்தியார். எப்போதிலிருந்து வலி என்று அடுத்த கேள்வி. கொடைரோட்டிலிருந்து என்றேன். முழு வாக்கியமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். முழு வாக்கியமாகச் சொன்னேன். இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று தபால்காரர் ஆங்கிலத்தில் கேட்க, வண்டியில் இருந்த மற்றவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். நான் சாதாரணமாகவே தலைவலி, கால்வலி என்று புலம்புகிற ஆள். அதனால் வேஷம் கச்சிதமாகப் பொருந்துவதாக எல்லோருக்கும் மகிழ்ச்சி. பலகைக்கும் எனக்கும் நடுவே வேர்வை வழிந்தது. இப்படியே, இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தோன்றியது.

நோயாளியின் தம்பி வேஷம் சேலைக்காரருக்கு. அவர் என்னவோ நீளமாகப் பேசினார். பேசிவிட்டு வழக்கம்போல என் கையைப் பார்த்தார். கை மார்போடு ஒட்டிக் கிடந்தது. இன்னொரு வாக்கியம் பேசினார். மறுபடியும் பார்த்தார்.

"இந்தா வாத்தியாரே, நிறுத்துங்க" என்றார் தமிழில். "நான் இம்புட்டுத் தப்பாப் பேசுறேன், அண்ணன் விரலு ஒண்ணு கூட அசையல. அண்ணே, நெசமாவே வலிக்குதா?"

என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவரை எழுந்து நிற்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சட்டைப் பொத்தானைக் கழற்றி, மூட்டையைத் தலைக்கு வைத்துப் பலகையில் படுக்கவைத்தார்கள். திண்டுக்கல்லில் வண்டி நிற்பதற்குள் வாத்தியார் குதித்து ஓடிக் குதிரை வண்டி பிடித்தார். ஸ்டேஷன் டீக்கடையில் மூட்டையைப் போட்டுவிட்டுச் சேலைக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மாரடைப்பு என்றும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் டாக்டர் சொன்னார்.

தபால்காரர் என் மனைவியை அழைத்துவரப் பஸ் ஏறினார். வாத்தியார் என் ஆபீசுக்குச் சொல்லப் போனார். சேலைக்காரர் மட்டும் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் இருந்தார். வலி தணிந்ததும் எனக்குப் பம்பாய்க்காரர் ஞாபகம் வந்தது.

"நீங்க கிளம்புங்க தம்பி. அந்த ஆளு காத்திருப்பாரு."

"இருக்கட்டும்ணே. மதினி வந்து சேரட்டும். நீங்க பேசாமத் தூங்குங்க."

"ஒரு மாசமாப் படிச்சீங்களே."

"படிச்சது எங்கிட்டுப் போகப்போகுது? கண்ணை மூடுங்கண்ணே."

மூடினேன். நன்றாகத் தூங்கியும் போனேன். மனைவி வந்து எழுப்பும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. சேலைக்காரர் அதுவரை ஸ்டூலைவிட்டு நகரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

பம்பாய் வியாபாரி வேறு கடையில் சரக்கு எடுத்துக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டுப் போய்விட்டார் என்பது ஒரு வாரம் கழித்து வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த முறை என்னைப் பார்க்க வந்தபோது சேலைக்காரரிடம் வருத்தப்பட்டேன்.

"இந்தச் சேட்டு இல்லாட்டி இன்னொரு சேட்டு வாரான். எனக்குத் தப்பு எண்ண உங்களை மாதிரி இன்னொரு ஆளு எங்கண்ணே கிடைப்பாரு?" என்று சிரித்தார். சொன்னபடியே, தீபாவளிச் சமயத்தில் வேறொருவர் வந்தார். இவரே போய்ப் பேசி விற்றார். எத்தனை தப்போ, நான் அங்கே இல்லை.

இரண்டு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது அதிகாரி கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். ரயிலில் நடந்தது முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், நடுவில் எங்கும் நான் தடுமாறவில்லை என்பது உறைத்தது. எங்கள் ரயில் வகுப்பிலும் ஒரு திருத்தம் வந்தது. யார் வலி என்று சொன்னாலும் உடனே தமிழில் ஒரு தடவை விசாரித்துவிட வேண்டும். அதற்குத் தண்டனை கிடையாது.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். மாத்திரை முதல் மழை வரை எல்லாவற்றுக்கும் இன்னும் பதறுகிறவன்தான். ஆனால் ஆபத்து என்று வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்கிற ஒரு பயம் மட்டும், அந்த ஸ்டூலில் சேலைக்காரர் உட்கார்ந்திருந்த பகலோடு என்னை விட்டுப் போய்விட்டது.