நனைத்துப் போட்ட முடிச்சு

உளி சுவரில் பட்டால் 'ணங்' என்று தெறித்துக் கீழே விழும். கதவில் பட்டால் அவ்வளவாகச் சத்தம் இருக்காது, குத்தி நின்று கொஞ்ச நேரம் பிடி மட்டும் ஆடும். ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே, சமையற்கட்டில் இருந்தபடி, எது எங்கே பட்டது என்று சொல்லிவிடுவேன். அம்மா மேல் பட்டால் உளியின் சத்தமே கேட்காது, அம்மாவின் சத்தம்தான் கேட்கும்.

அப்பா அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குபவர். வாகை மரத்தில் அவர் செதுக்கும் யாளியைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கோபம் வந்தால் அதே கை கண்மண் தெரியாமல் நீளும். மரம் வெடிப்பு விட்டாலும், குழம்பில் உப்புக் கூடினாலும், கூடத்துத் தரையில் பரப்பிக் கிடக்கும் உளிகளில் ஒன்று பறக்கும். அம்மாவின் தோளில் ஒரு தழும்பு, கணுக்காலில் ஒரு தழும்பு. "கைக்கு எட்டுற தூரத்துல கெடக்கறதாலதான எறியறாரு" என்பாள் அம்மா, குற்றமெல்லாம் உளியுடையது என்பது போல. எனக்கு அவள் மேலும் ஆத்திரமாக வரும்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் 'சுருட்டுப் பை'. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா கிழிந்த படுதா ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். எத்தனை தண்ணீர் விட்டு அலசியும் அதில் சுண்ணாம்பு வாடை போகவில்லை. அதன் கீழ் ஓரத்தை ஒரு சாண் மேலே மடித்து, இரண்டு விரல் இடம் விட்டுவிட்டுக் கோணி ஊசியால் நெடுக்காகத் தைத்தாள். வரிசையாக அறைகள் வந்தன. பிடி கீழே, கூர் மேலே. மேல் துணியைக் கூரின் மேல் மடித்துவிட்டு, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி நாடாவால் கட்ட வேண்டும். இருபத்திரண்டு உளிக்கு இருபத்திரண்டு அறை. தடித்த படுதாவில் இறங்க மறுத்த ஊசி அவள் உள்ளங்கையில் இறங்கிய நாட்களும் உண்டு. உளியின் கூர் கெடவில்லை என்று அப்பாவுக்கும் பை பிடித்துப்போயிற்று. மாலையில் வேலை முடிந்ததும் உளிகளைச் செருகிச் சுருட்டிக் கட்டுவது என் பொறுப்பு.

அம்மா வைத்தது ஒரே நாடா, இழுத்தால் அவிழும் சுருக்கு. ஒரு நாள் மாலை, விற்பனைக்குத் தயாராக இருந்த யாளியின் தாடையில் கீறல் தெரிகிறது என்று அம்மா சொல்லப்போக, அப்பா முகம் மாறி வெளியே போய்விட்டார். மறுநாள் வியாபாரி வந்து பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு நாடாக்களைத் தைத்துச் சேர்த்து, மூன்றையும் தண்ணீரில் நனைத்து, பையைக் காலால் மிதித்துக்கொண்டு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். விடிவதற்குள் அவை காய்ந்து கல்லாக இறுகியிருந்தன.

காலையில் வியாபாரி வந்து, தாடையில் வெடிப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். "நேத்தே சொன்னேன்ல" என்று அம்மா சொன்னதுதான் தாமதம், அப்பா பையை இழுத்தார். முடிச்சு அசையவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார், உதட்டில் ரத்தம் வந்தது. பள்ளிக்கூடப் பையோடு வாசற்படியில் நின்ற எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"எவ போட்டா இந்த முடிச்ச?"

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். "நாந்தாங்க போட்டேன்" என்றாள்.

அவர் அவிழ்ப்பதை விட்டுவிட்டு, இருபத்திரண்டு உளியும் இறுகக் கட்டியிருந்த அந்த உருளையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, உலக்கையால் குத்துவது போல இறக்கினார். தடுக்க அம்மா நீட்டிய வலது கையில் முதல் அடி. முழங்கை எலும்பு நொறுங்கியது என் காதுக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் அடித்தார். எத்தனை அடி என்று எண்ணவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

பெரம்பலூர் பஸ்ஸில், தொங்கும் கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, "உளியா இருந்தா உசுரு போயிருக்கும், அழுவாதடி" என்றாள். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டை இருபதாம் நாளே பிரித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். கை கோணலாகவே கூடியது.

இன்று அப்பாவுக்குக் கோபமே வருவதில்லை. வயதாக ஆக எப்படியோ அது கரைந்துவிட்டது. கூடத்துக் கதவையும் மாற்றியாயிற்று. பேரப்பிள்ளைகள் அவர் முதுகில் ஏறி விளையாடுகிறார்கள். அவரைப் போலத் தங்கமான மனிதர் உண்டா என்கிறார்கள் தெருவில். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்ற மாதம் அவருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். மேடையில் அந்தப் பையைத் தூக்கிக் காட்டி, "இது என் சம்சாரம் தச்சது, இத்தன வருசமா இதான் என் சொத்து" என்றார். கூட்டம் கைதட்டியது. மகளும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். பேசுவதற்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பிரிக்கவில்லை.

"தச்சது எங்கம்மா. அன்னிக்கு அந்த முடிச்சப் போட்டது நான். அம்மா இல்லப்பா."

கூட்டம் ஒன்றும் புரியாமலே மறுபடியும் கைதட்டியது. அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.