‘இந்தா வந்துட்டேன்’ படகு டீசலுக்கு மாறிய கதை

துறைப் பதிவேட்டில் அவருடைய சொந்தப் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது, உரிமம் வாங்கிய நாளில். அதற்குப் பிறகு இருபத்தேழு வருடங்களில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கரைக்குப் போகிறவர்கள் படித்துறையில் நின்று, “அண்ணே, எப்ப கெளம்பும்?” என்று குரல் கொடுப்பார்கள். இன்ஜின் பெட்டிக்குள்ளிருந்து, “இந்தா வந்துட்டேன்!” என்று பதில் வரும். ஆள் வர நாலு நிமிடம் ஆகும். அதுவே பெயராகிவிட்டது. அவசரக்காரர்கள் அதையும் பாதியாக வெட்டி, ‘இந்தா அண்ணன்’ என்பார்கள்.

படகுகள் புறப்படும் நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் எழுதுவது என் வேலை. எனக்கு ஓய்வு கொடுத்தபோது துறையை விட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. முதல் படகுக்கு உரிய நேரம் காலை 7.10. அந்த நேரத்துக்கு அவர் கிளம்பியதாகப் பதிவேட்டில் ஒரு நாள்கூட இல்லை. 7.14, மழையென்றால் 7.15. முதல் இரண்டு வருடம் ‘தாமதம். காரணம் தெரியவில்லை’ என்று எழுதினேன். மூன்றாம் வருடம்தான் அவரிடமே கேட்கத் தோன்றியது.

“மோந்து பாக்கறேன் சார்,” என்றார்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, படகின் அடியில் தங்கிவிடும். பிறகு சாவியைத் திருப்பும்போது ஒரு பொறி போதும். அதனால் பெட்டியின் மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மண்டியிட்டு, நாலு மூலையிலும் மூக்கை நுழைத்து முகர்ந்த பிறகுதான் சாவியில் கை வைப்பார். “மத்தவங்க மீட்டர் வெச்சிருக்காங்க. எனக்குப் பொறக்கும்போதே மாட்டி அனுப்பிட்டாங்க,” என்று மூக்கைத் தட்டிக் காட்டினார். அது தட்டிக் காட்டக்கூடிய அளவுள்ள மூக்குதான். அன்று முதல் காரணம் என்ற கட்டத்தில் ‘மூக்கு’ என்று எழுதி வந்தேன்.

வீடு துறைக்கு நேர் எதிரே, மாடியில் இரண்டு அறை. முன்னறையில் அவர் மனைவி துணி தைப்பார். தண்ணீர்ப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் கதவு படார் படாரென்று அடித்து, வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கும். அதற்காகக் கதவடியில் ஒரு பழைய பித்தளைக் காத்தாடியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். காத்தாடி என்றால் படகின் பின்னால் தண்ணீரைத் தள்ளிச் சுழலுமே, அது. அந்த அம்மாவின் அப்பா இரட்டை இன்ஜின் படகு வைத்திருந்தவர். படகை உடைத்தபோது மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். பாசி நிறம் ஏறி, கல்லா உலோகமா என்று தெரியாத கோலத்தில் கிடக்கும். படகுக்காரர் வாரம் ஒரு முறையாவது அதில் கால் விரலை இடித்துக்கொண்டு, “உங்கப்பா இன்னும் என்னை விடலை பாரு,” என்பார். நானே இரண்டு முறை இடித்திருக்கிறேன்.

இந்த வருடம் ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பெட்ரோல் படகில் ஆள் ஏற்றக் கூடாது. டீசலுக்கு மாற்றி, அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆய்வாளர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் இந்தத் துறை, அக்கரையில் தயாராக நிற்கும் இரும்புப் படகுக்குப் போய்விடும். இருபத்தேழு வருடத் துறை.

மாற்றும் வேலையை அவர் மனைவியின் தம்பி எடுத்துக்கொண்டான். கெட்டிக்கார மெக்கானிக். எந்த நட்டையும் இறுக்கி முடித்த பிறகு இன்னும் அரைச் சுற்று இறுக்காமல் விடமாட்டான். ஆகவே ஊருக்கு அவன் ‘அரைச்சுத்து’.

“மாமா, டீசல் கனமான சாமான்,” என்றான் முதல் நாளே. “பழசு நூத்தி நாப்பத்திரண்டு கிலோ. இது இருநூத்தி முப்பத்தாறு. படகு தாங்கணும்.”

“தாங்கும் மாப்ள. உங்கக்காவைக் கட்டினப்ப நான் அம்பத்திரண்டு கிலோ. இப்ப எம்பத்தாறு. திருப்பியா அனுப்பிட்டா?”

மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “அனுப்பத்தான் பாத்தேன். வாங்கிக்க ஆளில்ல.”

பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி எடுத்தார்கள். அது உட்கார்ந்திருந்த மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கட்டை சேர்த்து இறுக்கினார்கள். பெட்ரோல் தொட்டியையும் குழாய்களையும் ஒன்று விடாமல் கழற்றி, படகின் அடிப்பகுதியை மூன்று முறை சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். வெள்ளிக்கிழமை, பட்டறையில் மரச் சட்டத்தின் மேல் வைத்தபடியே டீசல் இன்ஜினை முதல் முறையாக ஓட்டினான் அரைச்சுத்து. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துகொண்டு அது நாலு முறை இருமிவிட்டு நின்றது. ஐந்தாம் முறை பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டதும் காத்தாடியைச் சுழற்றும் தண்டு சுற்றத் தொடங்கியது. குழாயைப் பிடித்துக் குனிந்திருந்த அரைச்சுத்து, “எந்தப் பக்கம் சுத்துது, பாத்து எழுதிக்குங்க நோட்டு சார்! அதுக்கேத்த காத்தாடிக்குக் கடையில சொல்லணும்,” என்று கத்தினான். தண்டு இருந்த பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. நான் முன்பக்கம் நின்றபடியே இன்ஜினுக்கு மேலாக எட்டிப் பார்த்து எழுதினேன்: ‘காலை 10.25. முன் கியர். தண்டு வலம் சுற்றுகிறது.’

பெட்ரோல் இன்ஜினோடு இருந்த காத்தாடி டீசலுக்குச் சின்னது என்பதால், நான் எழுதியதன்படி வலம் சுற்றும் புதுக் காத்தாடி வந்தது. பூட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம். துறையில் நல்ல கூட்டம். இன்ஜின் தாளம் தப்பாமல் ஓடியது. படகுக்காரர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பிடியை முன்னால் தள்ளினார். படகு நிதானமாகப் பின்னால் வந்து, துறையில் கட்டியிருந்த டயர்களில் இடித்து நின்றது.

“அண்ணே, அக்கரை அந்தப் பக்கம்!” என்றது ஒரு குரல்.

“இந்தா வந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி, படகு போக மாட்டேங்குது பாருங்க!” என்றது இன்னொன்று.

“மாமா, முன் கியர்தானே போட்டீங்க?”

“முன் கியர்தான்டா போட்டேன். அது படகுக்குத் தெரியலை.”

யாரோ பின் கியரிலேயே ஓட்டலாமே என்றார்கள். அது கரை ஒதுங்கும்போது கொஞ்ச நேரத்துக்குத்தான், அக்கரை வரை ஓட்டினால் கியர்ப் பெட்டி வெந்துவிடும் என்றான் அரைச்சுத்து. பிறகு படகின் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “தண்டு இடமாச் சுத்துது. நோட்டுல வலம்னுதானே இருக்கு?”

படகுக்காரர் என்னைப் பார்த்தார். “சார், எங்க நின்னு பாத்தீங்க?”

நான் நோட்டைத் திறந்தேன். தேதி இருந்தது. நேரம் இருந்தது. எத்தனை முறை இருமியது என்றுகூட இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் இடமாகத் தெரிவது முன்னாலிருந்து பார்த்தால் வலமாகத் தெரியும். நான் நின்ற இடம் நோட்டில் இல்லை.

“முன்னாடி நின்னேன். அதை எழுதலை,” என்றேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நின்ன இடத்தை எழுதியிருந்தா இடம் இடமாவே இருந்திருக்கும். எழுதாம விட்டீங்க, இடம் வலமாயிடுச்சு!”

கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம் சுற்றும் காத்தாடி வரப் பத்து நாள் ஆகும் என்று கடைக்காரர் போனில் சொல்லிவிட்டார். ஆய்வுக்கு இருந்தது இரண்டே நாள்.

மாலையில் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுப் படியேறினேன். வாசலிலேயே மூன்றாம் முறையாகக் காலை இடித்துக்கொண்டேன். படகுக்காரர் கழற்றிக் கொண்டுவந்த புதுக் காத்தாடியைக் கதவுப் பக்கம் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைச்சுத்து தரையில் உட்கார்ந்திருந்தான். நான் ஆரம்பிப்பதற்குள், தைத்துக்கொண்டிருந்த அம்மா மிஷினை நிறுத்தினார்.

“என்னங்க, இது ரெண்டும் சோடிதானே?”

“எது ரெண்டும்?”

“கதவுகிட்ட இருக்கிறது. சட்டைக்கு வெட்டின கை மாதிரி இருக்கு பாருங்க. புதுசு வலக்கை. நம்ம வீட்டுது இடக்கை.”

அரைச்சுத்து எழுந்த வேகத்தில் நூல் டப்பா உருண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். இதழ்கள் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிராகச் சாய்ந்திருந்தன. “அக்கா! அப்பா படகு ரெட்டை இன்ஜின்! ஒண்ணு வலம் சுத்தினா இன்னொண்ணு இடம்தான் சுத்தும்!” அளவுக்கோலை வைத்தான். பதினாறு அங்குலம். நமக்கு வேண்டியதும் அதுவே.

படகுக்காரர் குனிந்து பாசி படிந்த பித்தளையைத் தொட்டார். “இத்தனை வருஷமா மாமனார் கால்ல தட்டித் தட்டிச் சொல்லியிருக்காரு. மரமண்டைக்கு ஏறலை.”

“எல்லாம் சரி,” என்றார் மனைவி. “என் கதவுக்கு?”

“அந்தப் புதுசை வெச்சுக்கோ. பளபளன்னு இருக்கு. விரல் இடிச்சாலும் கௌரவம்.”

புதன்கிழமை முழுவதும் பட்டறையில் போயிற்று. பழைய காத்தாடியின் துளை மூன்று மில்லிமீட்டர் பெரிது. அரைச்சுத்து கடைசல் மிஷினில் ஒரு வளையம் கடைந்து உள்ளே செருகினான். மாட்டிப் பார்த்தபோது இதழ் நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. போதும் என்றான். நட்டை இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று, அதற்கும் மேல் இன்னோர் அரைச் சுற்று இறுக்கினான். நான் புதுப் பக்கத்தில் எழுதினேன்: ‘படகின் பின்னால் நின்று, முகம் முன்னோக்கி, மூன்று பேரும் பார்த்தது: இடம்.’

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். பேச்சே இல்லாத மனிதர். இருபத்து நாலு பயணிகளுக்குப் பதிலாக இருபத்து நாலு மணல் மூட்டை. புது இன்ஜினின் கனத்தில் படகின் பின்பக்கம் நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்ததால் பேட்டரியை முன்னால் மாற்றி வைத்திருந்தார்கள். எல்லாரும் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். படகுக்காரரோ மூடியைத் திறந்து, மண்டியிட்டு, நாலு மூலையும் முகர்ந்தார்.

“டீசல்தானே?” என்றார் ஆய்வாளர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“மூக்குக்கு இன்னும் உத்தரவு வரலை சார்.”

கைப்பிடி முன்னால் போனது. படகும் முன்னால் போனது. மாடி ஜன்னலிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. அந்த அம்மாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அக்கரைக்குப் பத்து நிமிடம் நாற்பது விநாடி. பெட்ரோலில் போனதைவிட ஐம்பது விநாடி கூடுதல். ஆய்வாளர் நடுத்தண்ணீரில் நிறுத்தச் சொன்னார், பின்னால் வரச் சொன்னார், கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி சொல்லி அனுப்பினாராம், “இனிமே மோக்க என்ன இருக்கு? ஒரு நாளாவது நேரத்துக்குக் கெளம்புங்க.” அவரும் வந்தார், உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். என் கடிகாரத்தில் சரியாக 7.10. படகில் ஐந்து பேர். நான் பேனாவை எடுப்பதற்குள் சந்துக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸம்மா, இரண்டு கொத்தனார்கள், பள்ளிக்கூட வாத்தியார், இன்னும் எட்டுப் பேர் ஓடி வந்தார்கள்.

“அண்ணே! என்ன அநியாயம் இது?” என்றார் நர்ஸம்மா மூச்சு வாங்க. “ஏழு பத்துன்னா ஏழு பதினாலுதானே!”

படகு முப்பது மீட்டர் போயிருந்தது. இன்ஜின் சத்தம் தணிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். படகு, அன்று செவ்வாய்க்கிழமை வந்த அதே நிதானத்துடன், பின்பக்கமாகவே டயர்களை நோக்கி வந்தது.

“இந்தா வந்துட்டேன்!” என்றார். இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக, சொன்னதும் வந்து சேர்ந்தார்.

மறுபடி புறப்பட்டது 7.14.