இடப்பக்கமே சுற்றிய நாய்

எங்கள் ஊர் தோணிரேவில் ராஜாத்தியைப் போல இறால் பிடிக்க ஆளில்லை. வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஏரித் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி, கையாலேயே பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பாள். அதனால் ஏரிக்குள் இருக்கும்வரை அவளுக்குப் பேச்சு கிடையாது. கரையில் அவளுடைய நாய் சுறா காத்துக் கிடக்கும்.

போன மாசியில் சுறா ஒரு மாதிரியானது. கூப்பிட்டால் நேராக வராமல் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றது. இடப்பக்கம் மீனைப் போட்டால் கவ்வியது, வலப்பக்கம் போட்டால் அதற்குத் தெரியவில்லை. இதெல்லாம் ராஜாத்தி கண்ணில் மட்டும்தான் பட்டது.

எங்கள் ஊரில் நாய்க்கு எது வந்தாலும் ஒரே பதில்தான்: பேத்தை தின்றிருக்கும். வலையில் விழும் அந்த விஷமீனைக் கரையில் வீசுவதும் நாங்கள்தான், தின்றுவிட்டு விழும் நாய்க்குப் புளித்தண்ணீர் ஊற்றுவதும் நாங்கள்தான்.

மீன் வியாபாரி வடிவேலுவின் வேன் தினமும் காலையில் பொன்னேரி போகும். ஓட்டுபவன் நான், தேசப்பன். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பதால் ராஜாத்தி எங்களிடம் வந்து நின்றாள்.

“அண்ணா, மாட்டாஸ்பத்திரி வரிக்கும் சுறாவ ஏத்திக்கினு போணா.”

“பேத்த துன்ன நாயிக்கு வண்டியாமே? புளித்தண்ணி ஊத்து, போ,” என்றார் வடிவேலு.

“பேத்த துன்னா மொதல்ல காலு வுழும். இதுக்குக் காலு நல்லாதான் கீது. தலைக்குள்ளதான் இன்னாவோ ஆயிக்கீதுண்ணா.”

“அடேங்கப்பா! நீ இன்னா டாக்டரா?”

மீன் ஏற்ற வந்து நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

நான்காம் நாள், மீன் ஏலம் போடும் இடத்தில் சுறாவுக்கு வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியது. “வெறி புட்சிக்கிச்சி!” என்று யாரோ கத்த, துடுப்பும் கட்டையுமாக விழுந்தது அடி. ராஜாத்தி ஏரியிலிருந்து ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. பாவிகள். அவள் நாயைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சித்திரையில் வடிவேலுவின் நாய் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. மனுஷன் வெட்கமில்லாமல் ஏரிக்கரைக்கே போய் ராஜாத்தியைக் கூப்பிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் வாயிலிருந்து பறியை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

“செவுத்துல தலைய முட்டிக்கினு நிக்குதா?”

“ஆமாமே.”

“புளித்தண்ணி ஊத்தாத. இப்பவே பொன்னேரிக்கி இட்டுக்கினு போ. அந்த நாயி எனக்கு ஒண்ணும் பண்ணல, அதான் சொல்றேன்.”

அதே வேனில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நாயின் கண்ணையும் நடையையும் பார்த்தார். மூளையில் வீக்கம் என்று சொல்லி ஊசி போட்டார்.

“வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே கொண்டாந்துட்டீங்க. இல்லன்னா வெறின்னு அடிச்சே கொன்னிருப்பாங்க. யாரு கவனிச்சது?”

“நான்தான் சார்,” என்றார் வடிவேலு.

நாய் பிழைத்துக்கொண்டது. வடிவேலுவுக்கு என்ன கூர்மையான கண் என்று ஊரே மெச்சுகிறது. ராஜாத்தி வழக்கம்போல ஏரியில் குனிந்து நிற்கிறாள். அவள் வாயிலாவது பறி இருக்கிறது. அன்றைக்கு டாக்டர் முன்னால் நின்ற என் வாயில் ஒன்றும் இல்லை.