திரையோரத்தில் இரண்டு கைகள்

தெருவில் அவளுக்கு டிஷ் அக்கா என்று பெயர். அத்தனை சின்ன வீட்டின் மொட்டை மாடியில் மூன்று டிஷ்கள் மூன்று பக்கம் முகம் திருப்பிக்கொண்டு நின்றால் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? விடிவதற்கு முன்பே பேக்கரிக்கு மாவு பிசையப் போய் மதியம் திரும்புகிறவள், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஏணியில் ஏறிவிடுவாள்.

காரணம் அம்மா. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் சண்டை, சமாதானம், கேலி எல்லாமே கைகளில்தான். திரையின் ஓரத்தில் ஒருவர் நின்று செய்தியைச் சைகையில் சொல்கிற சேனல்கள் அபூர்வம். அப்படி ஒன்று ஏதோ ஒரு செயற்கைக்கோளில் வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், மகளுக்கு இருப்புக் கொள்ளாது. எங்கிருந்தாவது ஒரு பழைய டிஷ்ஷைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, படத்தைப் பிடித்த பிறகுதான் ஓய்வாள்.

அன்றைக்கோ விஷயமே வேறு. தலைநகரத்துச் சேனலில் மூன்று மணிச் செய்திக்கு ஓரத்தில் நிற்கப்போவது அவளுடைய தங்கை. முதல் நாள், அதுவும் நேரலை. அம்மா காலையிலேயே நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, ஏதோ டிவிக்குள் தானே போகப்போவது போல இரண்டு முறை தலை சீவியாகிவிட்டது.

பேக்கரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவள் ரிசீவரைப் போட்டாள். முதல் டிஷ்ஷின் சேனல்கள் வந்தன. இரண்டாவதும் வந்தது. தங்கை வரவேண்டிய மூன்றாவதில் மட்டும் கறுப்புத் திரை. சிக்னல் காட்டும் கோடுகள் இரண்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தன.

அம்மா அவளைத் தோளில் தட்டிக் கைகளால் கேட்டாள். "என்ன, உன் தங்கச்சி இன்னும் மேக்கப் போடுறாளா?"

"இரும்மா, மேல போய்ப் பாக்கறேன். நீ வாசல்ல நில்லு. டிவியும் தெரியணும், நானும் தெரியணும்."

மாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் வாசலில் அம்மா. மற்றவர்கள் வீட்டில் இந்த வேலை என்றால் தெருவே அதிரும்: வருதா, வரலையா, இப்ப, இப்ப? இங்கே ஒரு சத்தமில்லை. மேலே முஷ்டியை மூடினால் கீழே ரிசீவர் அணையும், விரித்தால் எரியும். கோடு எவ்வளவு ஏறியது என்று அம்மா விரலால் காட்டுவாள். அவள் விரல் பொய் சொல்லாது.

சத்தமெல்லாம் பக்கத்து வீட்டு மாடியிலிருந்துதான். அங்கே குடியிருக்கும் பைக் மெக்கானிக்குக்கு அன்று கடை விடுமுறை.

"அக்கா, டிஷ் ஆடியிருக்கும். லேசாத் திருப்பிப் பாருங்க."

"அதைத் தொட்டா சிக்னலை இன்னிக்கு முழுக்கத் தேடணும் தம்பி. அதைக் கடைசியாத்தான் தொடணும்."

மூன்று டிஷ்களின் கேபிள்களும் தீப்பெட்டி அளவிலான ஒரு சுவிட்சில் வந்து சேரும். கீழே எந்த டிஷ்ஷின் சேனலை வைக்கிறார்களோ அந்த டிஷ்ஷை மட்டும் அது ஒரே கேபிளில் அனுப்பும். சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழுந்தது. முஷ்டியை மூடினாள். மூன்றாவது கேபிளைச் சுவிட்சிலிருந்து கழற்றி, கீழே போகும் கேபிளோடு நேராக இணைத்தாள். கையை விரித்தாள்.

அம்மா உள்ளே பார்த்தாள். விரல்களைக் குவித்து வட்டம் காட்டினாள். பூஜ்யம்.

ஆக, சுவிட்ச் மேல் குற்றமில்லை. ஒன்று டிஷ், இல்லையென்றால் கேபிள். இணைப்புகளைப் பழையபடி மாட்டிவிட்டு, மண்டியிட்டு, கேபிளை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கைப்பிடிச் சுவரோரம் நகர்ந்தாள். பாதி வழியில் ஈரக் கம்பளி ஒன்று குறுக்கே தொங்கியது. தூக்கிப் பார்த்தாள். மெக்கானிக் துணிக்கொடியின் ஒரு முனையை அவளுடைய கேபிளைத் தாங்கும் கொக்கியில் கட்டியிருந்தான். கம்பளியின் பாரத்தில் கொக்கி சாய்ந்து, கேபிள் முழங்கை போல மடங்கிக் கிடந்தது. மேல்தோலுக்கு ஒன்றுமில்லை. அழுத்தினால் உள்ளே கம்பி விட்டுப்போனது விரலுக்குத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நேரம் யோசனை சொன்னவன் தலையைச் சொறிந்தான்.

"காலைலதான் காயப் போட்டேன்க்கா," என்று அசடு வழிந்தான்.

"அப்புறம் பேசிக்கலாம். இந்தப் பக்கம் வா."

அவன் ஒரே தாவலில் சுவரைத் தாண்டினான். வெட்டி ஒட்டுவதற்கெல்லாம் நேரமில்லை. பக்கத்திலேயே நின்ற இரண்டாவது டிஷ்ஷின் கேபிள் வேறு பக்கமாகப் போனது, நல்ல நிலையில் இருந்தது. முஷ்டியை மூடிவிட்டு அதைக் கழற்றி மூன்றாவது டிஷ்ஷில் திருகினாள். கேபிளின் மறுமுனையை அவன் சுவிட்சில் மூன்றாம் துளைக்கு மாற்றினான்.

"கோணலா ஏத்தாத. நடுக்கம்பி வளைஞ்சிரும்."

"நேராத்தான் போகுதுக்கா."

விளிம்புக்கு ஓடிப்போய்க் கையை விரித்தாள். அம்மா வீட்டுக்குள் போனாள். வெளியே வரவில்லை. பிறகு அம்மா வந்தாள். கோடு காட்டவில்லை, விரல் எண்ணவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரித்த விரல்களை அசைத்துக்கொண்டே நின்றாள். அவர்கள் வீட்டில் கைதட்டல் என்றால் அதுதான்.

ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்தாள். உள்ளே போனால், திரையின் ஓரத்தில் நீலச் சட்டையில் தங்கை, வெள்ளச் செய்தியையும் பந்தயச் செய்தியையும் கைகளால் அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவோ முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"இடது கை சோம்பேறித்தனம் பண்ணுது பாரு. சாயங்காலம் வீடியோல கூப்பிடட்டும், சொல்றேன்."

சொல்லிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

கதவருகே தயங்கி நின்ற மெக்கானிக் மெல்லக் கேட்டான். "அக்கா, படம் வருது, சத்தம் வரலையே. இன்னும் ஏதாவது ஃபால்ட்டா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த டிவியில் சத்தம் வைக்கிற வழக்கமே கிடையாது. அவன் கேட்டதை அம்மாவுக்குக் கைகளில் சொன்னாள். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பக்கத்து நாற்காலியைத் தட்டி அவனை உட்காரவைத்து, திரையில் சின்ன மகள் காட்டிய வெள்ளத்தை அவனுக்காக ஒருமுறை தன் கைகளால் மெதுவாகச் சொல்லிக்காட்டினாள்.