சாரலுக்குக் குடை

ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சென்னை ரயிலிலிருந்து தென்காசியில் இறங்கி வெளியே வந்தால் முகத்தில் சிலுசிலுவென்று தூறல். கை தானாகக் குடையை எடுத்து விரித்துவிட்டது. வண்டியோடு காத்திருந்த அண்ணன் சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை.

"ஏட்டி, அதை மடக்கு. குத்தால சீசனுக்கு வந்த ஆளுன்னு நெனச்சுக்கிடுவாவ."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் சாரல் என்பது மழைக் கணக்கில் சேராது. மலையில் பெய்வதைக் காற்று கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் தூவிவிட்டுப் போகும். அதற்கு யாரும் ஒதுங்குவதில்லை. டீக்கடை வாசலில் நின்று அரசியல் பேசுகிறவர்கள் சட்டை நனைய நனையப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சாரலில் நனைந்து வளர்ந்த நான் குடை பிடித்துவிட்டேன். சென்னையில் குடியேறி எத்தனை வருடம் ஆனாலும், சொந்த ஊர் எதுவென்று கேட்டால் தென்காசி என்றுதான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்தப் பெருமை ரயிலடியிலேயே நனைந்துபோனது.

மறுநாள் குற்றாலத்தில் அதற்கும் மேல். மெயின் அருவிக்கு வெளியே பழக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும், ஐந்தருவிக்கு எப்படிப் போக வேண்டும் என்று அக்கறையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நான் தென்காசிக்காரி என்றேன். அப்படியா மேடம் என்று சிரித்தார். அவர் நம்பவில்லை. கூட வந்த அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். வீடு வரும்வரை அவனோடு நான் பேசவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் வீம்பாகக் குடையை அலமாரிக்குள் போட்டேன். ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது லேசாகத் தூறியது. எல்லோரும் கடை வாசல்களில் ஒதுங்கினார்கள். இதற்கெல்லாமா ஒதுங்குவது என்று நான் மட்டும் நடுத்தெருவில் ராணி மாதிரி நடந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. மறுநாள் நல்ல காய்ச்சல்.

போனில் என் கம்மிய குரலைக் கேட்டதுமே அண்ணன் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டான். நடந்ததைச் சொன்னேன். கேலி செய்யப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"மெட்ராஸ்ல போயி சாரல்னு நம்பி நனைஞ்சியாக்கும்," என்றான். "நம்ம ஊர்க்காரிதாம்ட்டி இப்படி ஏமாறுவா."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குரல் ஏன் திடீரென்று இன்னும் ஒரு மாதிரி ஆகிறது என்று கேட்டான். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.