அவர் தடசு என்று சொல்லவில்லை

என் அக்கா வீட்டுக்காரரை மர அறுவை மில்லில் எல்லாரும் "பட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியிலிருந்து பேர் தெரியாத கட்டை ஒன்று இறங்கினால் போதும், "பட்டையைக் கூப்பிடுங்கப்பா" என்று முதலாளியே குரல் கொடுப்பார். அத்தானுக்கு அந்தப் பேரில் வருத்தமே இல்லை. "மண்டைன்னு கூப்பிடாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

அவர் கட்டையைப் பார்க்கிற விதமே தனி. முதலில் பட்டையில் உள்ளங்கையை வைத்துத் தடவுவார். கத்தியால் ஒரு கீறு கீறி, உள்பட்டை என்ன நிறம், பால் வருகிறதா, என்ன வாடை என்று பார்ப்பார். பிறகு அறுத்த முகத்தைப் பிளேடால் மழமழவென்று சீவி, எச்சில் தொட்டு நனைத்து, சட்டைப்பையில் இருக்கும் லென்ஸை வைத்துத் துளைகளைப் பார்ப்பார். கடைசியாக ஒரு சிராயைக் கொளுத்தி, சாம்பல் வெளுப்பா கறுப்பா என்று பார்ப்பார். இத்தனையும் ஒத்துப் போனால்தான் வாயைத் திறப்பார். ஒன்று குறைந்தாலும், "தெரியலை" என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போய் டீ குடிப்பார்.

நான் நேர் எதிர். எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. விளையாட்டுச் சாமான் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. வில்வித்தைக் கிளப்புக்கு மரவில் செய்து கொடுப்பேன். வேலை சுத்தம் என்று பேர் வாங்கியவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல கட்டையைக் கண்டுவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது.

அக்கா மகளுக்கு அப்போது பதினேழு வயது. நான் செய்து கொடுத்த வில்லில்தான் பழகினாள். மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் பழைய வில் பற்றாது, இன்னும் பலமான வில் வேண்டும் என்றாள். "மாமா இருக்கேன்ல" என்று மார்தட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தபால் ஆபீஸ் பக்கம் ரோட்டை அகலப்படுத்த ஒரு மரத்தை வெட்டினார்கள். நான் போவதற்குள் இலை தழை எல்லாம் குப்பை லாரியில் போய்விட்டது, வேரையும் பெயர்த்துவிட்டார்கள். ஒரு கிளை மட்டும், ஆள் உயரத்துக்கு, கணு இல்லாமல் நேராகக் கிடந்தது. தள்ளுவண்டியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்து அன்றைக்கே பட்டையை உரித்தேன். வில் செய்கிற எவனும் அதைத்தான் செய்வான். பட்டைக்குள் பூச்சி புகும், அதோடு வில்லின் முதுகில் மரத்தின் ஒரே வயது வளையம் நுனிவரை ஓடுகிறதா என்பது பட்டையை எடுத்தால்தான் தெரியும். உரித்ததைக் கூட்டிக் குப்பையில் கொட்டினேன். ஒரு துண்டை எடுத்து வைக்கத் தோன்றவில்லையே எனக்கு!

ஐந்து மாதம் நிழலில் காய்ந்த பிறகு, அதில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அத்தான் சீவினார், நனைத்தார், லென்ஸில் பார்த்தார், கொளுத்தினார்.

"பட்டை எங்கே?"

"போச்சு அத்தான்."

"இலை?"

"அதுவும் போச்சு."

"தலையை வெட்டிட்டு ஆள் யாருன்னு கேக்கறியே மாப்ளே" என்று சிரித்தார்.

"தடசா அத்தான்? தடசுன்னா வில்லுக்கு அதைவிட மரம் உண்டா?"

மறுபடியும் லென்ஸை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். "தடசு மாதிரி இருக்கு. ஆனா தடசுன்னு நான் சொல்ல மாட்டேன். விரல் அகலத்துக்கு ஒரு சீவல் எடுத்து ஒடியற வரைக்கும் வளை. நார் நாரா பிரிஞ்சு ஒடிஞ்சா வில் செய். நறுக்குன்னு ஒடிஞ்சா அடுப்புக்குப் போடு. புரியுதா?"

"புரியுது, புரியுது" என்றேன். என் காதில் விழுந்தது தடசு என்ற ஒரு சொல்தான். சாயங்காலமே அக்கா வீட்டில் போய், "உங்கப்பா வாயாலேயே தடசுன்னு வந்துடுச்சு" என்று பிள்ளையிடம் பெருமையடித்தேன். அவள் துள்ளிக் குதித்தாள்.

சீவல் எடுக்காமல் இல்லை. எடுத்தேன், வளைத்தேன். வெள்ளரிக்காய் ஒடிவதுபோல நறுக்கென்று ஒடிந்தது. கையில் இரண்டு துண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். 'கிளை நுனியில் எடுத்த சீவல், அதனால் ஒடிந்திருக்கும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு சீவல் எடுத்தால் வில்லுக்கு நீளம் பற்றாது. போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாவி, துண்டுகளை எடுத்துச் சுருள் சீவலோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

வில் பார்க்க அப்படி அழகாக வந்தது. போட்டியில் மூன்றாவது சுற்றில், நாணை அவள் தாடை வரை இழுத்தபோது, மேல்பாதி ஒடிந்து அவள் புருவத்தில் அடித்தது. நான்கு தையல். கண் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு வில்லை எடுத்தாலே அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு வருஷம் போராடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், நெற்றிக் கட்டோடு அப்பாவைப் பார்த்து அவள் கேட்டாள்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேப்பா. ஊருக்கே சொல்றீங்க, எனக்குச் சொல்லக் கூடாதா?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் தலையில் கையை வைத்து, "தப்புதாம்மா" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று அன்றும் பயந்தேன், அடுத்த வாரமும் பயந்தேன். அந்த மனிதர் மூச்சு விடவில்லை. அக்காவுக்குத் தம்பி நான் ஒருத்தன்தான் என்று நினைத்தாரோ என்னவோ. மில்லில் விஷயம் பரவி, "சொந்தப் பிள்ளைக்கே தப்பா சொன்ன ஆளு" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். கொஞ்ச நாளில் அவர் மரத்துக்குப் பேர் சொல்வதையே நிறுத்திவிட்டார். பலகை அடுக்குகிற இடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு தடவை, சீவல் ஒடிந்ததை அத்தானிடம் சொல்லிவிடுவது என்று வைராக்கியமாகத்தான் போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் ஒரு வேப்பங்கட்டையை, பட்டையோடு, எடுத்துப் போனேன். "இது என்ன மரம் அத்தான்?" என்று ஆரம்பித்தேன். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மரம். அவர் கையால்கூடத் தொடவில்லை.

"தெரியலை மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கினார்.

எனக்குக் கோபம் வந்தது, வெட்கங்கெட்ட கோபம். கட்டையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

பிள்ளை வேறு ஊரில் வேலைக்குப் போனாள். போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசுவாள். "அப்பா நல்லா இருக்காரா?" என்று அம்மாவிடம் கேட்பாள், போனை அவரிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள். அவரும் அதே அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, மதியம் சாப்பிட்டுப் படுத்த அத்தான் எழுந்திருக்கவில்லை. பிள்ளை வந்தாள். எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, சமையலறையில் நானும் அவளும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"அந்த வில் விஷயத்துல அப்பாவை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் மாமா" என்றாள். "வாயைத் திறந்து அவர்கிட்ட சொல்லலை, அதுதான் ஆறலை."

அவரை மன்னிக்க அவளுக்கு ஒன்றுமே இல்லையே! சொல்லிவிட்டேன். அவர் தடசு என்று சொல்லவே இல்லை என்பதை, சீவல் ஒடிந்ததை, நோட்டீஸ் படித்ததை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நின்றேன்.

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமல் என்னையே பார்த்தாள்.

"செவ்வாக்கிழமை மதியம் வரைக்கும் அப்பா இருந்தாரே மாமா" என்றாள்.