நாய் உறங்கிவிட்டதென்று சொல்பவள்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மிருக ஆஸ்பத்திரியில் ரெஜிலாவுக்குப் பதினொரு வருஷம். பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். நாயைப் பிடிக்க ஆள் வராத ஒருநாள் அவள் பிடித்தாள். அதோடு விளக்குமாறு வேறு கைக்குப் போயிற்று. மயக்க வாயு கொடுத்த நாயின் கால்விரலை நகத்தால் நுள்ளிப் பார்த்து, அது காலை இழுக்காவிட்டால் தலையாட்ட வேண்டும். அவள் தலையாட்டாமல் டாக்டர் நாராயணபெருமாள் கத்தியை எடுத்ததில்லை. "ஒறங்கியாச்சா, ரெஜிலா?" என்று அவர் கேட்கிற அந்த ஒரு வார்த்தைக்காகவே காய்ச்சலோடும் வேலைக்கு வந்திருக்கிறாள். சர்ச்சுக்குப் போனால்கூட இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வாள், பாவம்.

அப்புறம் மயக்கத்தைக் கவனிக்க வந்து சேர்ந்தாள் அபினா. சென்னையில் படித்த இருபத்துநாலு வயசுக்காரி. நாயின் தலையில் மெல்லிய கம்பிகளைச் செருகி, அதன் மூளை எப்படி ஓடுகிறதென்று திரையில் கோடு கோடாகக் காட்டினாள். "மயக்கம் ஏற ஏற அலை மெதுவாகும், பெருசாகும் அக்கா. வாயு ரொம்பக் கூடினா விட்டுவிட்டு வரும். அதுக்கும் மேல போனா கோடு நேராயிரும், உயிருக்கே ஆபத்து," என்று வலிய வந்து விளக்கினாள். யார் கேட்டது இவளை?

இப்போது டாக்டர் திரையைப் பார்த்துக் கத்தியை எடுத்தார். ரெஜிலாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், மழுப்புவானேன்! வாசலில் அபினாவின் செருப்பைக் கண்டால்கூட எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கிழட்டு நாய்க்கு வயிற்றில் கட்டி.

"நல்லா ஒறங்கியாச்சு டாக்டர், அலையைப் பாருங்க," என்றாள் அபினா.

ரெஜிலா நாயின்மேல் போர்த்தியிருந்த துணிக்கடியில் கையை விட்டு விரலை நுள்ளினாள். கால் அசையவில்லை. அவளே காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். மேலே துணி ஆடியது.

"காலு இழுக்கு, டாக்டரே!"

அபினா வாயைத் திறப்பதற்குள் டாக்டர் சொன்னார்: "மெஷின் கெடக்கட்டும். ரெஜிலா சொன்னா சரியாத்தான் இருக்கும். வாயுவைக் கூட்டு."

ரெஜிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அபினாவின் முகம் சுருங்குவதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அலைகள் விட்டுவிட்டு வந்தன. பிறகு கோடு நேரானது. நாயின் மூச்சு தேய்ந்தது. "குறைக்கட்டா டாக்டர்?" அபினா வாயுத் திருகில் கை வைத்தாள்.

டாக்டர் திரையைப் பார்க்கவில்லை. ரெஜிலாவைப் பார்த்தார். "இன்னும் இழுக்கா?"

இந்தப் பார்வைக்குத்தானே இத்தனை நாள் ஏங்கினாள்! அவர் நம்பிக்கை அவளை விட்டு எங்கேயும் போயிருக்கவில்லை.

"இல்ல டாக்டரே. அப்பவும் இழுக்கல்ல. நாந்தான் பிடிச்சு இழுத்தேன்."

வாயுவை நிறுத்தி, ஆக்சிஜனை மட்டும் விட்டார்கள். பத்து நிமிஷத்தில் அலை திரும்பியது, நாய் பிழைத்தது. டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த நாயைக் கிடத்தியபோது, "அக்கா, நீங்க பாருங்க," என்று அபினாவே விலகி இடம் கொடுத்தாள். ரெஜிலா கையை நீட்டுவதற்குள் டாக்டர் குனிந்து, காலைத் தானே நுள்ளிப் பார்த்தார்.